இலவச கேமுக்கு 1,500 ரூபாய் லைசென்ஸா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம், கையில் காசில்லை. மூத்த மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் ‘ஸோனாட்டிக்’ என்ற துப்பாக்கி கேம் போட வேண்டும் என்று சின்னவன் அடம்பிடிக்கிறான். இலவசம்தான் என்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தால், “லைசென்ஸ் 1,500 ரூபாய், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆதார் நகல் வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும்” என்கிறார்கள். 500 ரூபாயும் ஆதார் நகலும் கொடுத்துவிட்டு வந்தோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஸோனாட்டிக்கிற்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. புதுப்பிப்பதற்கும் ஒன்றுமில்லை. பெயர் பதிந்து கணக்கு தொடங்காமலே விளையாடலாம். ‘கீ’ என்று சொல்லி எண்ணும் எழுத்துமாக ஒரு சீட்டைக் கடைக்காரர் நீட்டினால், அது அவரே எழுதிய சீட்டு.

இந்த கேம் யாருடையது என்று தெரிந்தால் பயம் போய்விடும். 1996-இல் வந்த ‘குவேக்’ என்ற அமெரிக்க கேமின் உள்நிரலை (கேமை இயக்க எழுதிய கட்டளைகளை), அதை உருவாக்கியவர்களே 1999-இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். அதன்மேல் தன்னார்வலர்கள் கட்டிய ‘நெக்ஸுயிஸ்’ 2005-இல் வந்தது. பிறகு அந்தப் பெயர் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதை ஏற்காதவர்கள் 2010-இல் பிரிந்து வந்து தொடங்கியதே ஸோனாட்டிக். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தால் பென்டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அது திருட்டு இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுவார். இலவச மென்பொருளைக் காசுக்கு விற்கக் கூடாது என்று ஜிபிஎல் சொல்லவில்லை. சிடியில் போட்டு விற்கலாம், விலை எவ்வளவு என்பதும் விற்பவர் இஷ்டம். போட்டுத் தரும் வேலைக்குக் கூலியும் கேட்கலாம். ஆகவே “சர்வீஸ் சார்ஜ் நூறு ரூபாய்” என்று அவர் சொல்லியிருந்தால் நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் தான் விற்ற பிரதியை வாங்கியவர் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ அவர் தடை போட முடியாது; உள்நிரல் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். தன்னுடையதல்லாத ஒன்றுக்கு ‘அனுமதிக் கட்டணம்’ வாங்குவதும், ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும் என்று மிரட்டுவதும் சுத்தப் பொய். இன்ஜினைப் பார்க்க வந்த மெக்கானிக் கூலி வாங்கலாம், கடலுக்கு வாடகை கேட்கக் கூடாது. ரசீதில் ‘லைசென்ஸ்’ என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுத மாட்டார்.

ஆதாரும் போலீஸ் கேஸும் எங்கிருந்து வந்தன? பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் விதிமுறை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பண விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் போட்டது. அந்தச் செய்திகளை அரைகுறையாகக் கேட்டுவிட்டு உங்களைப் பயமுறுத்துகிறார்கள். ஸோனாட்டிக்கில் பந்தயம் கட்டவும் வழியில்லை, உள்ளே காசு கொடுத்து வாங்கவும் எதுவுமில்லை. இந்தச் சட்டங்களுக்கும் உங்கள் மகனுக்கும் சம்பந்தமில்லை. சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, எது இதில் சேராது என்று தங்கச்சிமடத்து அம்மாவுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் எழுதிப் போட ஏன் முடியவில்லை? அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட கடைகள் பிழைக்கின்றன.

லேப்டாப் கதையும் அப்படித்தான். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்ற நம் நாட்டுத் திறந்த மூல (உள்நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்துவைத்த) இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். அது எதற்கு, திறந்த மூலம் என்றால் என்ன என்று ஒரு பீரியட் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்று நீங்கள் 500 ரூபாயோடு அலைய வேண்டியதில்லை.

இனி, எப்படிப் போடுவது. ஸோனாட்டிக் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏறத்தாழ ஒரு ஜிபி வரும், போனின் ஒருநாள் டேட்டாவில் பெரும்பகுதி போய்விடும். ஜிப் கோப்பாக வருவதை விரித்து அப்படியே ஓட்டலாம், ‘செட்டப்’ கிடையாது. அதனால் கடைக்காரர் ‘ஸோனாட்டிக் செட்டப்’ என்று ஒன்றைக் கிளிக் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போட வேண்டும் என்று யாராவது சொன்னாலும் நிறுத்துங்கள். ‘தூரத்திலிருந்தே சரிசெய்து தருகிறேன்’ என்று இன்னொரு செயலியைப் போட்டால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். அதே லேப்டாப்பில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், வங்கிக் கணக்கையும் திறந்து பார்க்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். போனுக்கு ‘ஸோனாட்டிக் ஏபிகே’ (ஆண்ட்ராய்டு போனில் செயலியைப் போடும் கோப்பு) என்று வாட்ஸப்பில் வருவதைத் தொடவே வேண்டாம். இந்த கேமை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கு மட்டுமே வெளியிடுகிறார்கள்.

பழைய லேப்டாப்பில் படத் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். சூடாகும், மெத்தைமேல் வைக்காதீர்கள். இறக்கிய பிறகு இணையம் தேவையில்லை, கணினியே எதிராளியாக நின்று ஆடும். நண்பர்கள் இரண்டு மூன்று லேப்டாப்போடு வந்தால் ஒரே வைஃபையில் சேர்ந்தும் ஆடலாம். அதற்கும் டேட்டா செலவாகாது. தெரியாதவர்களோடு இணையத்தில் ஆடும்போதுதான் கெட்ட வார்த்தைகள் வரும், அதைப் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். ரத்தத்தைக் குறைத்துக் காட்டும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது.

கொடுத்த 500-ஐத் திருப்பிக் கேளுங்கள். வேலை எதுவும் நடக்கவில்லை, எனவே கூலியும் இல்லை. ‘திருப்பி அனுப்புகிறேன், போனில் பின் நம்பரைப் போடுங்கள்’ என்றால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். ஆதார் நகலையும் கையோடு வாங்கிவிடுங்கள். அவர் வேறு பிரதி எடுத்திருப்பார் என்று சந்தேகம் இருந்தால், ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. மூத்த மகளை உட்கார வைத்து இன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள். நிவாரணத்துக்கோ ரேஷனுக்கோ கைரேகை வைக்கப் போகும் நாளில் மட்டும் திறந்தால் போதும்.