ஒரே பெயர், வேறு வேறு ஆட்டக்காரர்கள்: கேள்வி பதில்

ஒரே பெயரில் விளையாடியவர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குழப்பத்தில் நஷ்டப்படுவது பெரும்பாலும் அதிகம் பேசப்படாத ஆள்தான். அவர் வாங்கிய பதக்கமும் புகழ்பெற்றவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும், இல்லையென்றால் அவர் இருந்ததே தெரியாமல் போகும். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: அண்ணே, கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்குப் பிரேசில் ரொனால்டோ நினைவாகத்தான் பெயர் வைத்தார்கள் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

இல்லை தம்பி. பிறந்த தேதியைப் பார்த்தாலே போதும். கிறிஸ்டியானோ பிறந்தது 1985 பிப்ரவரியில். பிரேசில் ரொனால்டோ 1976 செப்டம்பரில் பிறந்தவர், அப்போது அவருக்கு எட்டு வயதுதான். கிறிஸ்டியானோவின் அப்பாவுக்கு நடிகராக இருந்த ரொனால்ட் ரீகனைப் பிடிக்கும். அந்தப் பெயர்தான் பிள்ளைக்கு வந்தது.

உண்மையான ரொனால்டோ நெரிசல் பிரேசில் அணிக்குள்ளேயே நடந்தது. 1994 உலகக் கோப்பை அணியில் வயதில் மூத்த ஒரு தடுப்பாட்டக்காரரும் ரொனால்டோ. அவரைப் 'பெரிய ரொனால்டோ' என்ற பொருளில் ரொனால்டாவ் என்றார்கள். பதினேழு வயதுப் பையனாக வந்த நம்ம ஆள் ரொனால்டினோ, அதாவது 'சின்ன ரொனால்டோ' ஆனார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரொனால்டோ குயாரோ என்று இன்னொருவர் இருந்ததால், அங்கேயும் நம்ம ஆள் சட்டையில் ரொனால்டினோ என்றே அச்சடித்திருந்தது. பிறகு 1999இல் போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனும் ரொனால்டோ! மூத்தவர் முழு ரொனால்டோவாக நிலைத்துவிட, 'சின்ன' பட்டம் இவனுக்குக் கைமாறியது. 2002இல் கோப்பையை வென்ற ரொனால்டோவும் ரொனால்டினோவும் இந்த இருவர்தான்.

கேள்வி: சார், மில்கா சிங் சென்னைக்காரர் என்று ஒரு பெரியவர் சொன்னார். பஞ்சாப்காரர் இல்லையா?

பெரியவர் சொன்னது சரி, நீங்கள் நினைப்பதும் சரி. அவர் சொன்னது கிரிக்கெட் ஆடிய ஏ.ஜி. மில்கா சிங்கை. 1941இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஏ.ஜி. ராம் சிங் அந்தக் காலத்து மெட்ராஸ் அணியின் ஆல்ரவுண்டர். அண்ணன் ஏ.ஜி. கிருபால் சிங் 1955இல் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். தம்பி மில்கா இந்தியாவுக்காக நான்கு டெஸ்ட் ஆடினார்.

இதில் என்னை நெகிழ வைப்பது காலக்கணக்கு. பதினெட்டு வயது மில்கா, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சென்னையில் டெஸ்டில் அறிமுகமானது 1960 ஜனவரியில். ஓட்டக்காரர் மில்கா சிங் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்து பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டதும் அதே 1960இல். ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே பெயர். அதன்பின் அந்தப் பெயரை யார் சொன்னாலும் ஓட்டம்தான் ஞாபகத்துக்கு வரும் என்றாகிவிட்டது. டெஸ்ட் ஆடிய ஒரு மனிதரை ஊரே 'வேறு மில்கா' என்று சொல்லும் நிலை வந்தது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: இந்திய ஹாக்கியில் எத்தனை பல்பீர் சிங்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு கணக்கு வருகிறது.

நாட்டுக்காக ஆடிய ஐந்து பேரை எனக்கு உறுதியாகத் தெரியும். ஒவ்வொருவராகச் சொல்கிறேன், இதில் அவசரம் கூடாது.

முதலாமவர் பல்பீர் சிங் சீனியர். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என மூன்று ஒலிம்பிக் தங்கம். ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் இந்தியா நெதர்லாந்தை 6-1 என்று வென்றது, அந்த ஆறில் ஐந்து கோல் இவர் அடித்தது. மெல்போர்னில் அணித் தலைவர். 1975இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மேலாளர். 2020 மே மாதம் காலமானார்.

இரண்டாமவர் பல்பீர் சிங் ஜூனியர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அணியில் இருந்தவர். சீனியருக்கு மகனோ தம்பியோ இல்லை, ஒரே பெயர் என்பதால் மட்டும் ஜூனியர்.

அடுத்த மூவரும் ஒரே அணியில்! 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் பட்டியலைப் பாருங்கள், பல்பீர் சிங் என்ற பெயர் மூன்று முறை வரும். ஒருவர் ரயில்வே, ஒருவர் பஞ்சாப், ஒருவர் ராணுவத்தின் சர்வீசஸ். ஆடிய அணியை அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் பிரித்தார்கள். குடும்பப் பெயரைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஜலந்தர் பக்கம் சன்சார்பூர் என்ற கிராமம் ஒலிம்பிக் ஹாக்கிக்காரர்களை வரிசையாகக் கொடுத்த ஊர். அங்கே பலருக்கும் குலார் என்பதே குடும்பப் பெயர். பஞ்சாப் பல்பீரும் குலார், சர்வீசஸ் பல்பீரும் குலார்.

நீங்கள் பார்த்த புத்தகங்களில் கணக்கு மாறுவதற்குக் காரணம், 1968 ஆட்களில் யாராவது ஒருவரை இன்னொருவரோடு சேர்த்து எண்ணிவிடுவதுதான்.

கேள்வி: அப்படியானால் ஹாக்கி உத்தம் சிங்கும் ஜாலியன்வாலா பாக் உத்தம் சிங்கும்?

வேறு வேறு. மைக்கேல் ஓ'டையரைச் சுட்ட புரட்சியாளர் உத்தம் சிங் 1940 ஜூலையில் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். ஹாக்கி உத்தம் சிங் மேலே சொன்ன சன்சார்பூர்க்காரர். 1952, 1956, 1964இல் தங்கம், 1960இல் வெள்ளி.

கேள்வி: வினாடி வினாவில் 'லீ நா ஒலிம்பிக் தங்கம் வென்றாரா' என்று கேட்டார்கள். இல்லை என்றேன், தவறு என்றுவிட்டார்கள். நியாயமா?

கேள்வியே அரைகுறை. எந்த லீ நா என்று சொல்லாமல் கேட்டால் இரண்டு பதிலும் சரிதான். டென்னிஸ் லீ நா 2011இல் பிரெஞ்சு ஓப்பன், 2014இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றவர். ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் இல்லை, 2008 பெய்ஜிங்கில் நான்காம் இடம். ஆனால் உயரத்திலிருந்து நீரில் பாயும் டைவிங்கில் ஒரு லீ நா 2000 சிட்னியில் இரட்டையர் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வாங்கினார். வாள்வீச்சு லீ நா 2012 லண்டனில் குழுத் தங்கம் வென்றவர். மூவருமே சீனாவுக்காக ஆடியவர்கள். உங்களுக்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த இரண்டு தங்கக்காரப் பெண்களின் பெயரையும் விளையாட்டோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: ராபின் சிங் எத்தனை டெஸ்ட் ஆடினார்?

ஒன்று. டெல்லி வேகப்பந்து வீச்சாளர் ராபின் சிங்கும் ஒன்று. டிரினிடாடில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய ராபின் சிங் 1998 அக்டோபரில் ஹராரேயில் ஆடினார். டெல்லிக்காரர் 1999 ஜனவரியில் நியூசிலாந்தின் ஹாமில்டனில். இரண்டுக்கும் நடுவே மூன்றே மாதம். ஆனால் 136 ஒருநாள் போட்டி ஆடியவர் நம்ம தமிழ்நாட்டு ராபின் சிங்.

கேள்வி: விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை ஆர். கிருஷ்ணன் இரண்டு முறை, அதுவும் 25 ஆண்டு இடைவெளியில் வென்றதாக ஒரு பட்டியலில் பார்த்தேன். எப்படி முடியும்?

அப்பாவும் மகனும்! 1954இல் வென்றவர் ராமநாதன் கிருஷ்ணன், 1979இல் வென்றவர் ரமேஷ் கிருஷ்ணன். இரண்டையும் சுருக்கினால் ஆர். கிருஷ்ணன்தான், நாடும் ஒன்றுதான்.

அப்பாவுக்குச் சொந்தப் பெயர் கிருஷ்ணன், முன்னால் இருக்கும் ராமநாதன் அவருடைய தந்தை பெயர். மகனுக்குச் சொந்தப் பெயர் ரமேஷ், பின்னால் இருப்பது தந்தை பெயர். எழுதும் முறை ஒரு தலைமுறையில் தலைகீழாக மாறியிருக்கிறது. வெளிநாட்டுப் பட்டியல் தயாரிப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. செஸ்ஸில் ஆனந்துக்கும் இதே கதைதான்: விஸ்வநாதன் அவர் அப்பா பெயர், அதையே சொந்தப் பெயராக எடுத்துக்கொண்டு மேற்கத்தியப் பத்திரிகைகள் 'விஷி' என்று செல்லப்பெயரும் சூட்டிவிட்டன.

கேள்வி: ஒரே கிளப்புக்கு ஆடிய ஒரே பெயர்க்காரர்கள் உண்டா?

பார்சிலோனாவுக்கு இரண்டு லூயிஸ் சுவாரஸ். உருகுவேக்காரரை எல்லோருக்கும் தெரியும், 2014 முதல் 2020 வரை ஆடினார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அதே கிளப்பில் ஸ்பெயினின் லூயிஸ் சுவாரஸ் மிராமோன்டெஸ் ஆடினார். 1960இல் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வென்றார், பிறகு இன்டர் மிலானுக்குப் போய் 1964, 1965 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். 2023இல் மறைந்தார். உருகுவே சுவாரஸுக்கு பாலன் டி'ஓர் கிடைத்ததே இல்லை. இணையத்தில் 'சுவாரஸ், பாலன் டி'ஓர்' என்று தேடி இளையவர் படத்தைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கேள்வி: விளையாட்டு வீரர் பெயருக்காகப் பாடகர் பெயரை மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். யார் அது?

ரே சார்ல்ஸ். எனக்கு மிகவும் பிடித்த சங்கிலி இது. வாக்கர் ஸ்மித் என்ற பையன் அமெச்சூர் குத்துச்சண்டையில் இறங்க, ரே ராபின்சன் என்ற இன்னொருவரின் உறுப்பினர் அட்டையைக் கடன் வாங்கினான். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, உலகம் போற்றும் சுகர் ரே ராபின்சன் ஆனான். அதற்குப் பிறகு ரே சார்ல்ஸ் ராபின்சன் என்ற இளம் பாடகர் மேடையேறினார். குத்துச்சண்டைக்காரரோடு குழப்பம் வேண்டாம் என்று 'ராபின்சன்' என்பதை விட்டுவிட்டார். அவர் புகழ் பெற்றபின், 1956இல் ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைக்கு அவர் நினைவாக ரே சார்ல்ஸ் லெனார்ட் என்று பெயர் வைத்தது. அந்தப் பிள்ளை பாட்டுக்குப் போகவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தங்கம் வென்று, ராபின்சனின் 'சுகர்' பட்டத்தையும் சேர்த்துக்கொண்டு சுகர் ரே லெனார்ட் ஆனார்.

கேள்வி: இந்தக் குழப்பத்துக்கு எந்த அமைப்பாவது வழி கண்டிருக்கிறதா?

கொரிய மகளிர் கோல்ஃப் அமைப்பு கண்டிருக்கிறது. அங்கே ஒரே பெயரில் சேருபவர்களுக்கு வரிசைப்படி எண் போட்டுவிடுகிறார்கள். லீ ஜியோங்-உன் என்ற பெயரில் ஆறாவதாகச் சேர்ந்தவர் 'லீ6'. அமெரிக்கா போனபோதும் அந்த எண்ணை விடாமல் வைத்துக்கொண்டு, 2019இல் யு.எஸ். மகளிர் ஓப்பனை லீ6 ஆகவே வென்றார். எண்ணை அவமானமாக நினைக்காமல் அடையாளமாக எடுத்துக்கொண்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஹாலிவுட் நடிகர் சங்கத்தில் வேறு மாதிரி, ஏற்கெனவே பதிவான பெயர் கிடைக்காது. மைக்கேல் கீட்டனின் சொந்தப் பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஒருவர் இருந்ததால் மாற்றவேண்டி வந்தது. விளையாட்டில் அப்படிச் சொல்ல முடியாது. கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டன் இருக்கும்போதே நடிகர் மைக்கேல் பி. ஜோர்டனும் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பெயர்பெற்ற பேராசிரியர் மைக்கேல் ஐ. ஜோர்டனும் நடுவில் ஓர் எழுத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பிடித்த வீரர் பெயரை வைக்கலாமா? பிறகு ஒப்பிட்டே பேசுவார்களோ என்று பயம்.

தாராளமாக வையுங்கள் அம்மா. கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் ஜெய்விஷ்வா என்று வைத்தார். ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத் என்ற மூன்று கிரிக்கெட் வீரர்களும் அதில் இருக்கிறார்கள். சச்சினின் பெயர் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனிடமிருந்து வந்தது. யாரும் சச்சினைப் பாட்டோடு ஒப்பிடவில்லை. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் தன் ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்தார், அந்த அளவுக்கு மட்டும் போகவேண்டாம்.

கேள்வி: ஊர் விளையாட்டு வரலாறு எழுதுகிறேன். ஒரே பெயர்க்காரர்களை எப்படிக் குறிப்பது? ஜூனியர், சீனியர் போதுமா?

போதாது. கார்லோஸ் சைன்ஸ் போல அப்பா ராலி வீரர், மகன் ஃபார்முலா ஒன் வீரர் என்றால் அது பொருந்தும். பல்பீர்களுக்கும் ராபின் சிங்குகளுக்கும் போட்டால் உறவுக்காரர்கள் என்று வாசகர் நினைத்துவிடுவார். விளையாட்டின் பெயரும் சில சமயம் போதாது, ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டிலேயே 1980களில் ஒரு ஸ்டீவ் ஸ்மித், இப்போது ஒரு ஸ்டீவ் ஸ்மித்.

பிறந்த ஆண்டு, விளையாட்டு, ஆடிய அணி மூன்றையும் முதல் முறை பெயர் வரும் இடத்திலேயே எழுதிவிடுங்கள். செஸ் என்றால் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே கொடுக்கும் எண்ணையும் குறித்து வையுங்கள், அது ஆளுக்கு ஒன்றுதான். செய்தித்தாள் நறுக்கில் வெறும் பெயர் மட்டும் இருந்தால், அந்தப் போட்டியின் முழு அணிப் பட்டியலைப் பார்க்காமல் யார் கணக்கிலும் சேர்க்காதீர்கள். ஊரில் அவரோடு ஆடியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். பழைய குழுப் படத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட அவர்களால்தான் முடியும். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்பக்கமே தேதியோடு எழுதி வையுங்கள்.