ரெட் அலர்ட் வந்ததும் பூண்டைப் பிடுங்கலாமா? மேல்மலை விவசாயி ஒருவருக்குப் பதில்

கேள்வி: அய்யா, எங்களுக்குக் கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர் பக்கம். இரண்டு ஏக்கர். ஒன்றில் மலைப்பூண்டு, மீதியில் உருளைக்கிழங்கும் கேரட்டும். போன ஐப்பசியில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் என்று போனில் பார்த்ததும் ஆள் விட்டுப் பூண்டைப் பிடுங்கிவிட்டேன், முழுசாக முற்றவில்லை. மழை ஒரு தூறலோடு சரி. பூண்டு சுருங்கிப் பாதி விலைக்குத்தான் போனது. அடுத்த பத்து நாளும் விட்டுவிட்டு மழை, அதற்கப்புறம் வெறும் மஞ்சள் எச்சரிக்கை என்றார்கள், பேசாமல் இருந்துவிட்டேன். அன்று ராத்திரியே இரண்டு அடுக்கு வரப்போடு சரிந்து உருளை மண்ணோடு போய்விட்டது. இந்த எச்சரிக்கையை நம்புவதா, வேண்டாமா? மாட்டுக் கொட்டகை வேறு ஓடை ஓரத்தில் இருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அய்யா. நம்புங்கள், ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து மண்வெட்டியைத் தூக்காதீர்கள். போன வருடம் உங்களுக்கு நடந்த இரண்டும் ஒரே மாதிரித் தப்பு இல்லை. முதலாவதில் மழை வேறு பக்கம் பெய்தது, இரண்டாவதில் கணிப்பு தப்பவே இல்லை, மண்தான் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

திண்டுக்கல் மாவட்டம் என்றால் நத்தம், வேடசந்தூர் சமவெளியும் அதில் வரும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற உங்கள் மேல்மலையும் அதில்தான் வரும். மொத்தத்துக்கும் ஒரே நிறம் பூசித்தான் எச்சரிக்கை வரைபடம் வருகிறது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மதியவாக்கில் தமிழில் விடுகிற அறிக்கையின் வாசகத்தைப் படியுங்கள். அதில் 'ஓரிரு இடங்களில்' என்று இருந்தால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவான இடங்களில்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். 'சில இடங்களில்' என்றால் 50 வரை, 'பல இடங்களில்' என்றால் 75 வரை, 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேலே. அளவுக்கும் இப்படிக் கணக்கு உண்டு: கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை 21 செ.மீ.க்கு மேல். 'ஓரிரு இடங்களில் அதி கனமழை' என்று வந்தாலே மாவட்டம் சிவப்பாகிவிடும். அந்த ஓரிரு இடத்தில் மன்னவனூர் இருக்குமா என்று அந்த அறிக்கை சொல்லாது, சொல்லவும் முடியாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, 'இன்று' என்று அவர்கள் எழுதுவது நாளைக் காலை எட்டரை மணி வரைக்கும். மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. சாயங்காலம் வரை வானம் வெளுத்திருக்கிறதே, எச்சரிக்கை பொய்த்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள், அந்த 'இன்று'க்கு இன்னும் ஒரு முழு ராத்திரி பாக்கி இருக்கிறது.

உங்கள் பக்கம் பெய்யுமா என்பதைக் காற்றுதான் சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கிழக்கேயிருந்து வருகிறது. முதலில் மோதுவது கிழக்குச் சரிவில், அதாவது பெருமாள்மலை, அடுக்கம், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம். பெரும்பகுதித் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுத்தான் மேலே ஏறி உங்களிடம் வரும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழ், அந்தக் கிழக்குச் சரிவில் இருக்கிற கீழ்மலைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்குச் சாரல் விடாது. அதனால் ஐப்பசியில் ரெட் என்றால் கீழ்மலைக்கு ரெட், உங்களுக்கு அநேகமாக ஒரு படி கம்மி என்று எடுத்துக்கொள்ளலாம். அநேகமாகத்தான், எப்போதும் இல்லை. அந்த விதிவிலக்குதான் புயல்.

புயல் என்று செய்தி வந்தால் பெயரை விடுங்கள், அது எங்கே கரையைக் கடக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். மையம் உங்களுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா, கன்னியாகுமரி வழியாகப் போனால் உங்களுக்குக் கிழக்குக் காற்று, ஈரமும் கூடவே ஏறி வரும். மையம் வடக்கே, சென்னை, நெல்லூர் பக்கம் போனால் உங்களுக்கு மேற்கு, வடமேற்குக் காற்று. நிலத்தின் மேல் வருகிற காற்று, பெரும்பாலும் வறட்டுக் காற்று. தொலைக்காட்சியில் எவ்வளவு கத்தினாலும் திண்டுக்கல்லில் ஒன்றும் பெய்யாமல் போவது இந்த மாதிரி நேரத்தில்தான். மூன்றாவது வகை, நேராகத் தலைமேல் வருவது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, அன்றைக்கே திண்டுக்கல் வழியாக மேற்கே போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையில் மரங்கள் சாய்ந்து, ரோடு அடைபட்டு, கரண்ட் இல்லாமல் கிடந்தீர்கள். அந்த மாதிரிப் பாதை என்றால் கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு என்ற கணக்கெல்லாம் செல்லாது. மையம் வருமுன் ஒரு திசைக் காற்று, கடந்த பிறகு எதிர்த்திசைக் காற்று. எச்சரிக்கையில் சொல்கிற காற்றின் வேகமும் பொதுவாகச் சமவெளிக் கணக்கு, கணவாயிலும் மலை முகட்டிலும் அதைவிடக் கூடுதலாக அடிக்கும்.

கம்ப்யூட்டர் கணிப்பு மேல் வருத்தப்பட்டும் பிரயோஜனம் இல்லை. 12 கி.மீ. கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 2025இல் 6 கி.மீ. கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள், நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மலையில் 6 கி.மீ.க்குள் ஒரு முகடும் இரண்டு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று வருகிற உடனடி எச்சரிக்கையைப் பெரும்பாலும் ரேடாரை நம்பித்தான் தருகிறார்கள், மலை மறைத்தால் ரேடார் கண்ணுக்கும் தெரியாது. இடிமின்னலுக்கு மட்டும் 'தாமினி' செயலி போனில் இருக்கட்டும், ஐப்பசி மதியத்துக்கு மேல் காட்டில் வேலை செய்கிற ஆட்களுக்காக. 'மேகதூத்' செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையில் அடுத்த ஐந்து நாள் கணக்கு கிடைக்கும், மருந்தடிப்பு, உரம் வைப்பு, பூண்டுப் பிடுங்கல் இதையெல்லாம் அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

இனி அந்த மஞ்சள் எச்சரிக்கைக்கு வருவோம், உங்களுக்குப் பெரிய நஷ்டம் அதில்தான். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை என்றால் கிட்டத்தட்ட 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 65 மி.மீ., அதாவது கனமழையின் தொடக்கம் (அறிக்கையில் இதை முழு எண்ணாக்கி 7 செ.மீ. என்கிறார்கள்), இரண்டரை லட்சம் லிட்டரைத் தாண்டும். காய்ந்த மண் அதில் நல்ல பங்கைக் குடித்துக்கொள்ளும். உங்கள் மண்ணோ பத்து நாளாகக் குடித்துக் குடித்து நிறைந்திருந்தது, அதனால் வந்ததெல்லாம் அடுக்கின் ஓரத்தில் நின்று பாரம் ஏற்றியது, வரப்பு விட்டுக்கொடுத்தது. எச்சரிக்கை நிறம் வரப்போகிற மழையைப் பார்த்துப் போடுவது, உங்கள் மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டின்னை, மரம், கூரை எதுவும் மறைக்காத இடத்தில் ஒரு கம்பத்தில் கட்டிவிடுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டு மில்லிமீட்டரில் அளந்து, காலண்டரில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். கடைசி நாலு நாள் கூட்டுத்தொகை 100 மி.மீ.யைத் தாண்டியிருந்தால் மஞ்சளை ஆரஞ்சாகவும் ஆரஞ்சை ரெட்டாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இது என் கணக்கு, வானிலை மையத்தின் கணக்கு இல்லை. உங்கள் மண் இளக்கம் என்றால் 80லேயே உஷாராகிவிடுங்கள். இரண்டு பருவம் எழுதினால் உங்கள் நிலத்துக்கு எது சரியான எண் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

எந்த நிறத்துக்கு என்ன வேலை என்பதைச் செலவை வைத்துப் பிரியுங்கள். மழை வராவிட்டாலும் நஷ்டமில்லாத வேலைகளை மஞ்சளுக்கே செய்துவிட வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, உரத்தைத் தள்ளிப்போடுவது, தார்ப்பாயை எடுத்து வைப்பது இதெல்லாம். அதில் முக்கியம் அடுக்கு வாய்க்கால். அடுக்கு வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம், மலைச்சுவர் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சுவரடியில் ஒரு வாய்க்கால், அது பக்கவாட்டில் போய்ப் புல் வளர்ந்த ஓடையில் விழ வேண்டும். மேல்மலையில் நிறையப் பேர் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று கேரட் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாகப் போடுகிறார்கள். தண்ணீர் வடியும்தான், மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும், கீழே இருக்கிற அடுக்கின் தலையில் போய் விழும். உங்கள் இரண்டு அடுக்கு சரிந்ததற்கு மேலே யாராவது இப்படிப் பாத்தி போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். சரிந்த வரப்பைக் கட்டும்போது கல்லோடு சேர்த்து ஓரத்தில் வெட்டிவேரோ கினியாப் புல்லோ நடுங்கள், மாட்டுக்குத் தீவனமும் ஆகும் என்றால் கினியா.

பூண்டைப் பிடுங்குவது அப்படி இல்லை, மழை வராவிட்டால் அது நேர் நஷ்டம். அதனால் மூன்றும் சேர்ந்தால் மட்டும் கை வையுங்கள்: கிழக்குக் காற்றோ தலைமேல் வருகிற பாதையோ இருக்க வேண்டும், அறிக்கையில் 'பல இடங்களில்' அல்லது 'பெரும்பாலான இடங்களில்' என்று இரண்டு நாளுக்கு மேல் இருக்க வேண்டும், பூண்டும் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். இலை நுனி மஞ்சளாகிக் காய்ந்து, தண்டு கழுத்தில் துவளத் தொடங்கியிருக்கிறதா பாருங்கள். நாலைந்து இடத்தில் ஒவ்வொன்றைப் பிடுங்கி, கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். பல் தனித்தனியாகப் பிரிந்து, தோலை முட்டிக்கொண்டு நிறைந்திருந்தால் பிடுங்கலாம். பல்லுக்கு நடுவில் சதை வெள்ளையாகக் கூழ் மாதிரி இருந்தால், தோலும் கனமாகப் பச்சையாக இருந்தால், வானமே இடிந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் மழையில் பூண்டு சாகாது, தண்ணீர் நின்றால்தான் அடி அழுகும். அப்போதும் முழு ஏக்கரையும் ஒரே நாளில் பிடுங்காமல், தண்ணீர் தேங்குகிற கீழ் அடுக்கை முதலில் எடுங்கள். தாளை வெட்டாமல் கட்டுக் கட்டாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, வழக்கம்போல் புகை போடுங்கள். ஈரத்தோடு குவித்து மேலே தார்ப்பாய் மூடினீர்கள் என்றால் உள்ளே புழுங்கி வடுகபட்டி சந்தைக்குப் போகுமுன்பே பூசணம் பிடித்துவிடும். விதைப்பூண்டுக்கு வைத்த பாத்தியை அவசரத்தில் தொடவே வேண்டாம்.

உருளைக்கு மழையை விட அதற்குப் பின்னால் வருகிற மூடுபனிதான் எதிரி. குளிரும் ஈரமும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் இலைக்கருகல் ஒரு வாரத்தில் காட்டையே கருக்கிவிடும். மழைக்கு முந்தின நாள், இலை காய்ந்திருக்கும்போது, மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், ஒட்டுப் பசையோடு அடித்துவிடுங்கள். தூறல் விழ ஆரம்பித்த பிறகு அடிப்பது காசைக் கரைத்து ஓடையில் ஊற்றுகிற வேலை. மண் அணைப்பு முடிந்திருக்கட்டும், கிழங்கு வெளியே தெரியக்கூடாது. முற்றிய கிழங்கு என்றால் தழையை அறுத்துவிட்டுத் தோல் இறுகப் பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விடுங்கள், வடிகால் நன்றாக இருந்தால் அதற்கு மண்தான் நல்ல கிடங்கு. கேரட் முற்றியிருந்தால் மட்டும் தயங்காமல் எடுத்துவிடுங்கள், மழைக்குப் பிறகு வெடிக்கும்.

சேதம் ஆகிவிட்டால், பயிர்க் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்றால், நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது மாதிரித் தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447க்குப் போன் செய்யலாம், மொபைலில் இடம், நேரம் பதிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள். உங்கள் பயிர் உங்கள் பிர்க்காவில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று விதைக்கும்போதே தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், சரிந்த பிறகு கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும்.

கடைசியாக மாடு. கொட்டகையை இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால், மேட்டில் நாலு கம்பு நட்டு ஒரு தகரக் கூரை போட்டு வையுங்கள், ஆரஞ்சு என்றாலே பொழுது சாயுமுன் மாட்டை அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பெரிய சில்வர் ஓக்கின் அடியில் மட்டும் வேண்டாம், காற்றில் முறிவதும் அது, மின்னல் இறங்குவதும் அது. இரண்டு நாளைக்கு வைக்கோலும் தவிடும் மேலேயே இருக்கட்டும். ராத்திரியில் கொட்டகைக்கு மேலே உள்ள சரிவில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, மரமோ கம்பமோ சாய்ந்திருந்தாலோ, ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வந்தாலோ, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடை வற்றினாலோ, மேலே எங்கேயோ மண் நகர்கிறது, அல்லது ஓடையை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கொட்டகையில் மிச்சம் ஏதாவது கட்டியிருந்தால் அவிழ்க்கிற நேரம் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் பக்கவாட்டில் மேடு ஏறிவிடுங்கள். ஓடை வழியே கீழே இறங்காதீர்கள். பிறகு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1077.