கேளுங்கள், சொல்கிறேன்: 'இன நீதி'க் காசு எங்களுக்கும் வருமா?

கேள்வி: பனையோலை வேலை செய்கிற 14 பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் 'இன நீதி' என்று மானியம் கொடுக்கிறார்களாம். நாங்களும் சிறுபான்மைதானே, விண்ணப்பியுங்கோ என்கிறான் கனடாவில் இருக்கிற மருமகன். கிடைக்குமா?
- ஒரு வாசகி, சுழிபுரம்

பதில்: மருமகன் சொன்னதில் பாதி சரி. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைப் பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே மூச்சடங்கிய பிறகு, கம்பனிகளும் அறக்கட்டளைகளும் போட்டி போட்டுக்கொண்டு இந்தப் பெயரில் காசு ஒதுக்கின. ஆனால் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே செலவாகிற காசு. கெலொக் அறக்கட்டளை அறிவித்த 9 கோடி டொலர் போட்டி எல்லா நாட்டுக்கும் திறந்திருந்தது, அது முடிந்துவிட்டது. ஆகவே 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற பகுதியை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் பதிவான அமைப்பு மட்டும் என்றிருந்தால் மிச்சத்தை வாசித்துக் கண்ணைக் கெடுக்க வேண்டாம்.

ஆனாலும் கடை போடக் கொடுக்கிற காசை அவர்கள் ஏன் 'நீதி' என்கிறார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், உங்களுக்கு அது உதவும். அடிமைத்தளை நீங்கிய 1865இல் கறுப்பின மக்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள், 1874இல் அது முறிந்தபோது 60,000 பேருக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் பறிகொடுத்தார்கள். 1930களில் அவர்கள் குடியிருந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்றார்கள். வறுமை தானாக வரவில்லை, வழி மறிக்கப்பட்டது என்பதுதான் அவர்களுடைய வாதம். நீங்கள் எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் 'நாங்கள் வறிய பெண்கள்' என்று தொடங்காதீர்கள், அதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எது மறிக்கப்பட்டது என்று எழுதுங்கள். தெற்கே போகிற ஏ9 பாதை போரால் பூட்டிக் கிடந்த காலத்தில் உங்கள் பெட்டியும் பாயும் எங்கே தேங்கின, வலிகாமம் வடக்கில் காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனதால் காணி உறுதியை வைத்துக் கடன் எடுக்க முடியாமல் போனவர்கள் உங்களில் எத்தனை பேர், அதெல்லாம்.

கேள்வி: இனம் பார்த்துக் காசு கொடுப்பதும் இனவாதம்தானே?
- ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: அமெரிக்காவில் இதையே கேட்டு வழக்குப் போட்டார்கள். அட்லாண்டாவில் பியர்லெஸ் பண்ட் என்ற அமைப்பு கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டொலர் மானியம் கொடுத்து வந்தது. 2023இல் வழக்கு, 2024 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, செப்டெம்பரில் இணக்கத்துக்கு வந்து அந்த மானியத்தையே நிறுத்திவிட்டார்கள். வழக்குக்குப் பயன்பட்ட சட்டம் எது தெரியுமா? விடுதலையான அடிமைகளும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்யலாம் என்று 1866இல் கொண்டுவந்த சட்டம்! வாய்க்காலை ஒரு தோட்டத்துக்கு மட்டும் நூறு வருஷம் மறித்துவிட்டு, இன்றைக்கு எல்லாருக்கும் ஒரே அளவு தண்ணீர், இதுதான் சமத்துவம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை நான் எங்கள் பக்கம் திருப்புகிறேன். கொழும்பிலிருந்து பார்த்தால் நாங்கள் சிறுபான்மை, யாழ்ப்பாணத்துக்குள் அப்படி இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் இங்கிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் திரும்பி வந்தவர்களுக்கு வடக்குக்கு வருகிற உதவியில் என்ன பங்கு? சாதி பார்த்து ஆளைச் சேர்க்கிற சங்கங்கள் இன்னும் இல்லையா? சுழிபுரத்து அக்காவும் கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கோ: உங்கள் சங்கத்தில் ஓலை வார்கிறவரும் காசோலையில் கையெழுத்து வைக்கிறவரும் ஒரே ஆட்கள்தானா?

கேள்வி: மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?
- ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: இல்லை. வட்டி கேட்டால் அது கடன், நுண்கடன் இங்கே எத்தனை பெண்களை அலைக்கழித்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைக் கவனிக்க முற்பணம் கட்டு என்றால் போனை வையுங்கள். மானியத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது கணக்கு மட்டும். சந்தையில் ஓலை வாங்கினால் யாரும் பில் தர மாட்டார்கள், ஆகவே விற்றவரின் பெயர், திகதி, தொகை எழுதி அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக் கோவையில் போட்டுவிடுங்கள், அன்றைக்கே.