ஆக்ரா ஓயாவுக்குத் தூண்டிலுடன் வரலாமா?

மதிப்புக்குரிய ஐயா,

நான் இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையில் பிறந்து, இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கிறேன். சென்ற செப்டம்பரில், இலையுதிர்காலம் தொடங்கும் வேளையில், இங்குள்ள ஆறொன்றில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிக் காட்டு ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். துரைமார் நம் ஆக்ரா ஓயாவிலும் இப்படிப் பிடித்தார்கள் என்று தாத்தா சொல்வார். அடுத்த செப்டம்பரில் தூண்டிலுடன் வரலாமா?

ச.

அன்புள்ள ச.,

தாத்தா சொன்னதை நான் நம்புகிறேன். 1880களில் பிரித்தானியர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் முதலில் விட்டது ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட். அது இங்கே நிலைத்துப் பெருகவில்லை. பிறகு வந்த வானவில் ட்ரவுட்தான், குளிர்ந்த வேகநீரும் முட்டையைப் புதைக்கச் சரளைக்கல் படுகையும் கிடைத்ததால், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள , ஆக்ரா ஓயா ஊற்றெடுக்கும் ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே இனம்பெருக்கியது.

ஆனால் உங்கள் செப்டம்பர் வேறு, எங்கள் செப்டம்பர் வேறு. அங்கே கோடை தணிந்து, ஆறு வற்றித் தெளிந்து, நீர் குளிரக் குளிர மீன் ஊக்கத்தோடு இரை தேடும். இங்கே தென்மேல் பருவமழை அப்போதுதான் ஓயத் தொடங்குகிறது. அது ஓய்ந்ததும் ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொள்கிறது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வருவதைக் கண்ணால் பார்த்துக் கவ்வும் மீன். பொய்ப்பூச்சி நீரின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். தூண்டில் நரம்பான தங்கூசி சற்றே இழுத்தாலும் மீன் விலகிவிடும். தோட்டத்து மண் கரைந்தோடும் செந்நீரில் இந்த நுணுக்கம் எதற்கு உதவும்? எங்கள் தெளிநீர்க்காலம் புல்வெளியில் உறைபனி படியும் ஜனவரியில்தான் வருகிறது.

'காட்டு' என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. வானவில் ட்ரவுட்டுக்கு உங்கள் மாகாணம் தாய்நிலம். இங்கே அது குடியேற்றப்பட்ட வேட்டைமீன், ஹோட்டன் சமவெளிக்கே உரிய சிற்றிறாலையும் விட்டுவைப்பதில்லை. "நம்மைப் போல வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே" என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்த ஒப்புமை பிடிப்பதில்லை. நம் பாட்டன்மாரைக் கோப்பிக்காட்டில் உழைக்கக் கொண்டுவந்தார்கள். மீனைத் துரையின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் கொண்டுவந்தார்கள்.

சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் மீன்பிடிக்க இயலாது. ஆகவே தூண்டிலை அங்கேயே வைத்துவிட்டு ஜனவரியில் வாருங்கள். நீர்ப்பரப்பின் கண்கூசும் பளபளப்பை மறைக்கும் உங்கள் கறுப்புக்கண்ணாடியை மட்டும் மறக்காதீர்கள். ஓடையோரம் அசையாமல் நின்றால் மீனைப் பார்க்கலாம்.