கால்நடை கேள்வி - பதில்: நாய் குணமாகிவிட்டது, டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ்!

கேள்வி: டாக்டர், மூன்று மாதம் முன்பு எங்கள் நாய்க்குக் காய்ச்சல் வந்து மூக்கில் ரத்தம் வடிந்தது. உண்ணியால் வந்த எர்லிச்சியா என்று சொல்லி, நாலு வாரம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தோம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது. ஒரு சந்தேகத்துக்கு அதே கிட் டெஸ்டை மறுபடி எடுத்தோம், பாசிட்டிவ் என்று வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: முதலில், மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த கிட் கிருமியைத் தேடுவதே இல்லை, கிருமியோடு சண்டை போட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, இந்த பாசிட்டிவ் சொல்வதெல்லாம் உங்கள் நாய்க்கு எப்போதோ எர்லிச்சியா தொற்றியிருக்கிறது என்பதைத்தான், அது உங்களுக்கே தெரிந்த விஷயம்.

இப்போது பார்க்க வேண்டியது பிளேட்லெட் எண்ணிக்கை, அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை, எர்லிச்சியா இதைத்தான் குறைக்கும். ஒரு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் ஏறி, சில வாரம் கழித்து எடுத்தாலும் இறங்காமல் இருந்தால் நிம்மதியாக இருங்கள். குறைந்திருந்தால் பி.சி.ஆர். எடுக்கச் சொல்லுங்கள், அது கிருமியின் மரபணுவையே தேடும். அப்புறம் இன்னொன்று: மெஷின் பிளேட்லெட் குறைவு என்று காட்டினால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது ஊசி தடுமாறினால் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, அதன் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்து இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். நல்ல நாயைச் சீக்காளி என்று முத்திரை குத்தாமல் இருக்க இந்த ஐந்து நிமிட வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் எதிர்ப்பொருளே உருவாகியிருக்காது, கிட் நெகட்டிவ் என்று சொல்லும், ஆனால் நாய்க்கு நோய் இருக்கும். அந்த நேரத்தில் காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில், வெள்ளையணுவுக்குள் முசுக்கொட்டைப் பழம் போல ஒரு ஊதா உருண்டை தெரிந்தால் அதுதான் எர்லிச்சியா. எல்லா ஸ்லைடிலும் கிடைக்காது, பொறுமையாகத் தேட வேண்டும், கிடைக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: பசுவுக்குப் பால் திடீரென்று ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குறைந்துவிட்டது. மடியில் வீக்கமோ சூடோ இல்லை, பாலும் திரியவில்லை. மடிநோயாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம். 1957-லிருந்து புழக்கத்தில் உள்ள கலிபோர்னியா மடிநோய் சோதனையைக் கொட்டகையிலேயே செய்யலாம். நாலு குழி உள்ள தட்டில், முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் பீய்ச்சி, அதே அளவு சோதனைத் திரவம் ஊற்றிச் சுழற்றுங்கள். சோப்பு போன்ற அந்தத் திரவம் பாலில் உள்ள வெள்ளையணுக்களை உடைக்கும், உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து பாலைக் கெட்டியாக்கும். தட்டைச் சாய்த்தால் நல்ல பால் தண்ணீராக ஓடும், நோய் உள்ள காம்பின் பால் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும்.

நாலில் ஒரு குழி மட்டும் கெட்டியானால் அந்தக் காம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். கன்று போட்டு சில நாட்களே ஆன பசுவிலும், பால் வற்றப்போகிற பசுவிலும் நோய் இல்லாமலே நாலும் கெட்டியாகலாம், அதைக் கண்டு பதற வேண்டாம்.

சரி, எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமானால் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் ஆய்வகத்துக்குப் பால் எடுக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊசி போட்டு மூன்றாம் நாள் கொண்டுவரும் பாலில் எதுவும் வளராமல் போய், உண்மைக் காரணம் கடைசிவரை தெரியாமலே பசு ஒரு காம்பை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் சாணத்துக் கிருமிதான் வளரும். கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து அனுப்புங்கள். மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி தினமும் பாலில் வெளிப்படாது, அதனால் ஒரு முறை நெகட்டிவ் வந்தாலும் இன்னொரு தடவை பால் அனுப்புங்கள்.

கேள்வி: காலையில் நன்றாக இருந்த மாடு மாலையில் செத்துக்கிடந்தது. மூக்கில் கறுப்பு ரத்தம், அது உறையவே இல்லை. அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியுமா?

பதில்: அறுக்காதீர்கள், தோலையும் உரிக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் காற்றுப் பட்டு அந்தக் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கால்நடை மருத்துவர் காதிலுள்ள ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், மெத்திலீன் நீலச் சாயமேற்றினால் நீலக் குச்சிகளாகக் கிருமியும் அதைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரியும். அவர் வரும்வரை மற்ற மாடுகளையும் நாய்களையும் கிட்டே விடாதீர்கள். வெறும் கையால் தொட்டவர்களுக்கு வலியில்லாமல் நடுவில் கறுத்த புண் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போய், செத்த மாட்டைத் தொட்டதைச் சொல்லட்டும்.