முதலிடம் வந்தாலும் மேலே போக முடியாதா? ஜெர்மனி பெண்கள் கால்பந்து இரண்டாம் டிவிஷன் – கேள்வி பதில்

கே: முன்பு வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவாக நடந்ததாமே?

ஆமாம். 2004-ல் தொடங்கி 2018 வரை, பிரிவுக்கு 12 அணிகள். அதற்கு முன்னால் ரீஜியனல்லீகா எனும் வட்டார லீக்தான் இரண்டாம் படி. ஹம்பர்க்கிலிருந்து மியூனிக் சாலை வழியே 780 கி.மீ. பக்கம். வேலைக்கும் காலேஜுக்கும் போய்க்கொண்டே ஆடுகிற பெண்களை அடிக்கடி அவ்வளவு தூரம் அலைய வைக்க முடியாது. ஆனால் பிரிவின் பெயரை நம்பி மேப்பைத் திறக்காதீர்கள். மேற்கே இருக்கிற கொலோன் ஆடியது தெற்குப் பிரிவில். 2015-ல் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவுக்கு ஏறியதும் அங்கிருந்துதான்.

கே: பிறகு ஏன் ஒன்றாக்கினார்கள்? சின்ன கிளப்புகள் பாவம் இல்லையா?

தரத்துக்காக. 2018-19 முதல் 14 அணிகள், ஒரே பட்டியல். 24 இடம் 14 ஆனது. ஒரு அணிக்கு 22 ஆட்டம் 26 ஆனது. ஆட்டமும் கூடி, தூரமும் கூடினால் பஸ் வாடகை, ஓட்டல் செலவு எல்லாம் ஏறும். பாவம்தான்.

கே: பட்டியலில் சில அணிகளின் பெயருக்குப் பின்னால் ‘2’ என்று இருக்கிறதே, என்ன அது?

பெரிய கிளப்பின் இரண்டாம் அணி. இதற்குப் பண்டஸ்லிகாவில் இடம் கிடையாது. உதாரணத்துக்கு, பயர்ன் 2 முதலிடம் வந்து, மேலே இரண்டு இடம் இருந்தால், இரண்டாவதும் மூன்றாவதும் வந்த அணிகள் ஏறும். அதனால் ஏறுவது யார் என்று கணக்குப் போடும்போது ‘2’ அணிகளை அடித்துவிட்டு எண்ணுங்கள். இறங்குவதைக் கணக்குப் போடும்போது அடிக்காதீர்கள், அதில் அவர்களுக்குச் சலுகை இல்லை. இன்னொன்று: ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் ஒரே லீகில் இருக்க முடியாது. முதல் அணி பண்டஸ்லிகாவிலிருந்து விழுந்தால், நன்றாக ஆடிய இரண்டாம் அணியும் கீழே போக வேண்டியதுதான்.

கே: புள்ளி சமமானால்?

கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள். அதற்கும் பிறகுதான் நேருக்கு நேர் முடிவு. நேருக்கு நேர் முடிவை முதலில் பார்க்கிற ஸ்பானிஷ் லீக் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

கே: மூன்றாம் படியில் சாம்பியன் ஆனால் நேராக ஏறிவிடலாம்தானே?

அங்கேதான் சிக்கல். வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு என்று ஐந்து ரீஜியனல்லீகா. சாம்பியன்கள் ஐந்து பேர், மேலே இடம் மூன்று. ஆகவே சிலர் பிளே-ஆஃப் ஆடியே தீர வேண்டும்: சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று. விக்டோரியா பெர்லின் 2023-ல் வடகிழக்கு சாம்பியன். ஆனாலும் பிளே-ஆஃபில் ஹம்பர்க்கிடம் தோற்று அதே லீகிலேயே நின்றது, ஏறியது 2025-ல்தான். வருஷம் முழுக்க ஆடியதை இரண்டே ஆட்டத்தில் தொலைப்பது கொடுமை. போதாததற்கு, அடுத்த சீசனுக்கான லைசென்ஸுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

கே: 2025-ல் மட்டும் மூன்று அணிகள் பண்டஸ்லிகாவுக்குப் போனது எப்படி?

பண்டஸ்லிகா 12 அணியிலிருந்து 14 ஆனது. அதனால் அந்த ஒரு முறை மூன்று ஏற்றம், ஒரே ஒரு இறக்கம். ஏறியவை நியூரம்பெர்க், ஊனியோன் பெர்லின், ஹம்பர்க். விக்டோரியாவை 2023-ல் மறித்த அதே ஹம்பர்க்தான். ஊனியோன் இன்னும் வேகம், 2024-ல் மூன்றாம் படியிலிருந்து வந்து ஒரே சீசனில் தாண்டிவிட்டது. இறங்கியது டர்பைன் போட்ஸ்டாம்: ஆறு முறை ஜெர்மன் சாம்பியன், 2005-லும் 2010-லும் ஐரோப்பிய சாம்பியன்.