பந்து வலப்பக்கம் வளைகிறது: மட்டையை மாற்றுவதா, வீச்சைத் திருத்துவதா?

ஓசூர்ப் பக்கம் கோல்ஃப் பழகத் தொடங்குவோர் பலரும் கேட்பது இது. வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து பறப்பதே ‘ஸ்லைஸ்’. மட்டை வரும் பாதையைவிட அதன் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்புறம் திறந்திருப்பதால் பந்து சாய்ந்து சுழல்கிறது.

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் பார்க்கலாம். வளைவில் ஓட்டுநர் தாமதமாகத் திருப்பினால் பட்டறை என்ன செய்யும்? லாரியைப் போல மட்டை, ஓட்டுநரைப் போல உங்கள் வீச்சு; கோளாறு எதில் என்று முதலில் பாருங்கள்.

மட்டை முகத்தில் டால்கம் பவுடர் தூவிப் பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் நடுவிலிருந்து விலகி, ஒரே இடத்தில் குவிந்தால் மட்டையின் நீளத்தையும் சாய்வையும் சரிபார்க்கலாம். சிதறிக் கிடந்தால் முதலில் வீச்சுதான். இடக்கைப் பிடி இடப்பக்கம் அதிகம் திரும்பியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

கழுத்துப் பகுதியைத் திருகி முகக் கோணத்தை மாற்றும் ‘டிரைவர்’ (தொலைதூரம் அடிக்கும் மட்டை) ஸ்லைஸைப் போக்கிவிடும் என்பது தவறு. அது முகத்தை ஓரிரு டிகிரிதான் நகர்த்தும், வீச்சின் பாதை அப்படியேதான் இருக்கும்.